தொலைவிலிருந்து ஏவுதல்

ஏவுவோனும் ஏவல் கொள்வோனும் ஓரிடத்தே இருப்பின் வினை எளிதில் முடியும். ஒரு கண்ணசைவும் போதும். இருவர்க்கும் இடையே நெடுந்தொலைவு கிடப்பின் மூன்று ஐயங்கள் எழுகின்றன. ஆணை உரிய இடத்தைச் சென்று சேர்ந்ததா? அதனை விடுத்தவர் அதற்கு உரிமை உடையவர்தாமா? சொன்னவண்ணம் வினை முடிந்ததா? இம்மூன்றிற்கும் விடை காணாதவர் தொலைவில் உள்ளவற்றை ஆள இயலாது.

இவ்வுண்மையைச் செட்டிநாட்டு வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்தில், திருக்கோஷ்டியூரை அடுத்துள்ள ஊர்களில் வாழ்ந்த நகரத்தார், 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டிக்கடைகள் நடத்தினர். முதலாளி ஊரில் இருப்பார். கடை இரங்கூனில் இருக்கும். கடையை நடத்தும் மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரப்படும். அவர் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையாகும். முதலாளியின் கட்டளை கடிதமாகக் கப்பலேறிச் சென்றது. 1871-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி இயங்கத் தொடங்கியது. அதன்பின் செய்திகள் கடலை விரைந்து கடந்தன. கடையிலிருந்து ஐந்தொகை எழுதப்பட்டு ஊருக்கு வந்தது. கடிதமும் தந்தியும் ஆணையைச் சேர்த்தன. கையொப்பம் உரிமையைக் காட்டியது. ஐந்தொகை வினையின் முடிவை அறிவித்தது.

இக்காலத்து நிறுவனங்கள் ஆளவேண்டியவை கடைகள் மட்டுமல்ல. பல்லாயிரம் கணினிகளும் கைப்பேசிகளும் ஆகும். ஒரு வங்கியின் கருவிகள் நூறு ஊர்களில் பரவிக் கிடக்கும். கடவுச்சொல்லை மாற்றவும், புதிய செயலியை நிறுவவும், பழுதைத் திருத்தவும் ஒவ்வொரு கருவியிடத்தும் ஓர் ஆளை அனுப்புதல் இயலுமா? ஆதலின், தலைமையிடத்தில் ஒரு கணினியை அமைத்து, அதன்வழியே எல்லாக் கருவிகளுக்கும் ஆணை விடுக்கின்றனர். அத்தலைமைக் கணினியை வழங்கி என்பர்.

முதற்கண், கருவி வழங்கியினிடத்தே பதிவு செய்யப்படும். அப்பொழுது வழங்கியை அடையாளம் காட்டும் சான்றிதழ் கருவியினுள் வைக்கப்படும். பதிவு பெறாத கருவி எவ்வாணைக்கும் செவிசாய்க்காது.

ஆணை செல்லும் முறை வியப்பிற்குரியது. கைப்பேசி காலையில் ஓர் ஊரிலும் மாலையில் வேறோர் ஊரிலும் இருக்கும். அதனைத் தேடிச் சென்று ஆணையைக் கொடுத்தல் எளிதன்று. ஆகவே வழங்கி, ஆணையைத் தன்னிடத்தே வரிசையில் வைத்துக்கொண்டு, கருவிக்கு ஓர் அழைப்பை மட்டும் விடுக்கிறது. அவ்வழைப்பில் ஆணை ஏதும் இராது. ‘வந்து கேள்’ என்பதே அதன் பொருள். அழைப்புப் பெற்ற கருவி தானே வழங்கியை அணுகி ஆணையைப் பெறுகிறது. அதனை நிறைவேற்றி, ‘முடிந்தது’ என்றோ, ‘பிழை நேர்ந்தது’ என்றோ, ‘இப்பொழுது இயலாது’ என்றோ விடை கூறுகிறது. இவ்விடையே அக்கால ஐந்தொகைக்கு ஒப்பாகும்.

அணைத்து வைத்த கணினியை எழுப்புதலும் உண்டு. கணினி உறங்கினும் அதன் வலையட்டை சிறிது மின்சாரம் பெற்று விழித்திருக்கும். ஒவ்வொரு வலையட்டைக்கும் தனி முகவரி உண்டு. அம்முகவரியை 16 முறை அடுக்கிய செய்தி வந்தவுடன், தன்னையே அழைக்கின்றனர் என்றறிந்து அது கணினியை எழுப்புகிறது.

எனினும் ஆணைக்கும் எல்லை உண்டு. அலுவலர் ஒருவர் கைப்பேசியைத் தொலைத்தார் எனக் கொள்வோம். ‘பூட்டு’ என்றோ, ‘உள்ளவற்றை அழி’ என்றோ தலைமையிடம் ஆணை பிறப்பிக்கும். ஆனால் அக்கைப்பேசி வலையுடன் இணையும்வரை அவ்வாணை வரிசையிற் காத்தே கிடக்கும். ஆதலால், கருவியில் உள்ள செய்திகளை முன்னரே மறைமொழியாக்கி வைத்தல் வேண்டும்.

இனி, பகைவன் ஒருவன் தலைமையிடம் போல நடித்து, ‘எல்லாவற்றையும் அழி’ என்று ஏவினால் என்னாகும்? இங்கே ஒரு நுட்பம் உள்ளது. ஆணையின் வடிவமும் அது செல்லும் முறையும் பல அமைப்புகளில் வெளிப்படையாக அச்சிடப்பட்டுள்ளன. வழங்கியின் கையொப்பத்தை உருவாக்கும் திறவுகோல் ஒன்றே மறைவாக இருக்கும். முறையைப் பகைவர் அறிந்தாலும் திறவுகோல் மறைந்திருந்தால் போதும் என்னும் கொள்கையை 1883-ஆம் ஆண்டில் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியாசிரியர் வகுத்துரைத்தார்.

திருக்கோஷ்டியூர் இங்கே நினைவிற்கு வருகிறது. இராமானுசர் 18 முறை நடந்து சென்று, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரப் பொருளைப் பெற்றார் என்றும், மறைவாகக் காக்கவேண்டிய அதனைக் கோயிலின் மேலேறி நின்று எல்லார்க்கும் உரைத்தார் என்றும் வைணவ மரபு கூறும். அனைவர்க்கும் நலம் தரும் அறிவை மறைத்தல் ஆகாது. அதுபோலவே, முறையை எல்லாரும் அறிந்தால் பலரும் ஆராய்ந்து அதன் குறைகளைக் களைவர். ஆனால் திறவுகோல் அறிவன்று. அது பிறர் உடைமையின் காவல். அதனைப் பரப்புதல் வள்ளன்மை ஆகாது.

பகைவரே அன்றி, உரியவரும் தீங்கு செய்தல் கூடும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருள் நிறுவனம் தொலைவிலிருந்து அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஓரிடத்துத் தவறு நொடியில் ஓராயிரம் இடத்துத் தவறாயிற்று. முடங்கிய கணினி ஆணை கேளாதாகையால், பல இடங்களில் ஆட்களே நேரிற் சென்று திருத்த நேர்ந்தது. ஆகவே, எந்த ஆணையையும் முதலிற் சில கருவிகளில் விடுத்துப் பார்த்து, பின்னரே பலவற்றிற்கு விடுத்தல் அறிவுடைமை.

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணவர்க்கு அளித்த மடிக்கணினிகளின் ஒளிப்படக் கருவியைத் தொலைவிலிருந்து இயக்கியது. களவு போனவற்றைக் கண்டறிய வைத்த அவ்வசதி, மாணவரின் இல்லத்துக்குள்ளும் கண் வைத்தது. 2010-ஆம் ஆண்டில் வழக்கு எழ, அம்மாவட்டம் 6,10,000 டாலர் தந்து இணக்கம் செய்துகொண்டது. கருவி பள்ளியுடையதாயினும் மாணவரின் வாழ்வு பள்ளியின் உடைமை அன்று. இக்காலத்தில், அலுவலர் தம் சொந்தக் கைப்பேசியிலேயே அலுவலகத்திற்கெனத் தனிப்பகுதி வகுத்துக்கொள்ளும் முறை உண்டு. அம்முறையில், நிறுவனத்தின் ‘அழி’ என்னும் ஆணை அப்பகுதியை மட்டுமே தொடும். அவர் குடும்பப் படங்களைத் தீண்டாது.

எட்டாத இடத்தை எட்டும் ஆற்றலைக் கருவிகள் நமக்குத் தந்துள்ளன. அவ்வாற்றலுக்கு எல்லை வகுக்கும் கடமையோ ஏவுவோரையே சார்ந்தது. ஆணையைப் பெறுவது கருவியாயினும், அதன் பயனை நுகர்வோர் மக்களே என்பதை அவர் மறத்தலாகாது.