உங்களுக்குத் தெரியுமா? வீடுகளை இளஞ்சிவப்பாக்கிய மேமி!

1953-இல் டுவைட் ஐசனோவர் அமெரிக்க அதிபரானபோது, பதவியேற்பு விழா நடனத்துக்கு அவர் மனைவி மேமி அணிந்தது, 2,000-க்கும் மேற்பட்ட கற்கள் மின்னிய இளஞ்சிவப்பு கவுன். வெள்ளை மாளிகையில் குடும்பம் வசித்த அறைகளுக்கும் அதே வண்ணத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆசை நாடெங்கும் பரவியது. குளியலறை டைல்ஸ், வாஷ்பேசின், குளியல் தொட்டி எல்லாம் இளஞ்சிவப்பாயின. நிறத்துக்கே ‘மேமி பிங்க்’ என்று பெயர் வந்தது. கெட்டிஸ்பர்க்கில், இன்று அருங்காட்சியகமாக உள்ள அவர்கள் வீட்டில் மேமியின் இளஞ்சிவப்புக் குளியலறையை இப்போதும் காணலாம்.

உங்கள் வீட்டுக்கு: மஞ்சள் விளக்கொளியில் இளஞ்சிவப்பு சற்று மாறித் தெரியும். முதலில் சுவரில் ஓரிடத்தில் மட்டும் பூசி, பகலிலும் இரவிலும் பார்த்தபின் முடிவெடுங்கள்.