சுவருக்குள் ஒரு சமுத்திரம்

சென்னை மெரீனாக் கரையில் 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் நேரில் ஆராய்ந்து எழுதியவர் அவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்தச் சாலை மூடப்பட்டது. ஆயினும் அது இருந்தவரையில் அதற்கொரு பெரிய சௌகரியம் இருந்தது: வாசலிலேயே வங்காள விரிகுடா!

அந்தக் காட்சியை வீட்டுக் கூடத்துச் சுவரிலேயே பதித்துக்கொள்ள இன்று பலர் ஆசைப்படுகிறார்கள். விருத்தாசலம், மங்களூர்ப் பக்கத்தவராகிய நமக்கோ கடலைக் காண்பதென்றால் கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ பிரயாணப்பட வேண்டும். ஆகவே இங்கே கடல்நீரையும் வீட்டிலேயேதான் தயாரித்தாக வேண்டும்.

முதலில் கொத்தனாரைக் கூப்பிடுவோம். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 1,400 லிட்டர் கொள்ளும். கண்ணாடியைச் சேர்க்காமலே 1,400 கிலோவுக்கு மேற்பட்ட பாரம். சுவரின்மேல் இதை ஏற்றுவது கூடாது. தரையில் தனி அஸ்திவாரமிட்டு, தனித் தாங்கியின்மேல் தொட்டியை நிறுத்தி, சுவரில் வெட்டிய திறப்புக்குமேல் விட்டம் கொடுக்க வேண்டும். தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று வேலை செய்ய ஓர் அறையும் வேண்டும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் காண்பது படம் மாத்திரம். பம்பு, வடிகட்டி, விளக்கு, வாளி எல்லாவற்றுக்கும் இடம் அந்த அறைதான். உப்பு நீரின் திவலை பட்ட இரும்பு துருவேறும். துருவேறிய கம்பி சுவரைப் பிளக்கும். அறைக்குக் காற்றோட்டம் அவசியம் என்பதற்குக் காரணம் இதுவே.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உண்டு. நமது தொட்டிக்கு ஐம்பது கிலோ அளவில் ஆகும். "உப்புக்கா பஞ்சம்? தூத்துக்குடி உப்பு இரண்டு மூட்டை போதுமே!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அது உதவாது. உப்பளத்தில் நீர் வற்ற வற்றச் சுண்ணாம்புச் சத்து முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் கழிநீரோடு போய்விடுகிறது. இடையில் விளைவதே நமது சமையல் உப்பு. கடலின் உப்புக்கள் யாவும் உரிய அளவில் கலந்த தனிக்கலவையையே வாங்க வேண்டும். பிறகு வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை, நீர் மட்டுமே போகிறது. எனவே குறைந்த அளவுக்கு நல்ல நீரையே விட வேண்டும். உப்பு நீரை விட்டால் தொட்டி நாளுக்கு நாள் கரித்துக்கொண்டே போகும்.

வெயில் என்றோம். பவளத்திட்டு மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரை உகந்தது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டி யந்திரம் வேண்டும். மின்சாரம் நின்றால் மூச்சுக்காற்றுக் கொடுக்கப் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் வேண்டும். ஓர் இரவு மின்சாரமின்றிக் கழிந்தால் மனிதர்களுக்கு விசிறி உண்டு. தொட்டிக்குள் இருப்பவற்றுக்கு வேறு கதியில்லை. செலவுக் கணக்கை இதையும் சேர்த்துப் போட்ட பிறகே ஆசைப்பட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இனிப் பவளம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. 1986-ல் அப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் பாறைகட்டும் பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு உள்ள காவல் பவளத்துக்கும் உண்டு. கடலிலிருந்து பெயர்த்த பவளத்தை, "செத்த துண்டுதானே" என்று எவரேனும் விற்றாலும், வாங்கிச் சுவரில் வைப்பது குற்றம்.

பாறைக்குப் பதில் எதை வைப்பது? இங்கேதான் பீங்கான் ஊராகிய விருத்தாசலத்தின் நினைவு வருகிறது. தொட்டிக்குள் பாறையின் முக்கிய வேலை அழகு அன்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையின் துளைகளில் குடியிருக்கின்றன. மெருகு பூசாமல் சுட்ட, நுண்துளை நிறைந்த மண்ணோடும் அவற்றுக்கு நல்ல வீடாகும். வர்ண மெருகில் ஈயமோ செம்போ இருந்தால் ஆபத்து. செம்பு சொற்ப அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். வளைந்த ஓடுகளையும் குழாய்த் துண்டுகளையும் குகைபோல அடுக்கலாம். கடலிலேயே இவ்விதம் செய்கிறார்கள்: அலையரிப்பில் தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கத் துளையிட்ட கான்க்ரீட் பாறைகளை 2015-க்குப் பின் இறக்கினார்கள்.

நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடலாகாது. குழந்தைகள் தினமும் கேட்பார்கள், கேட்கட்டும். பிறகு வாங்கும் மீனும் கடலில் வலைபோட்டுப் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் வித்தை மண்டபத்திலும், நமக்கு அண்டையிலுள்ள பரங்கிப்பேட்டையிலும் கைவந்திருக்கிறது. அப்படிப் பிறந்த மீன் கடற்சாமந்தி இல்லாமலே வாழும். ஜோடி சேர்ந்துவிட்டால் ஓட்டுத் துண்டின்மேலேயே முட்டையிடும். ஆண்மீன் பக்கத்திலேயே நின்று செட்டையால் விசிறிக் காக்கும். ஏறத்தாழ எட்டாம் நாள், விளக்கணைத்த பின் இருட்டில், குஞ்சுகள் வெளிவரும்.