அடங்க மறுக்கும் பழைய 'டூ-ஸ்ட்ரோக்': அளக்கும் கருவி எங்கே?

புதுதில்லி: பதினைந்து ஆண்டுகளைக் கடந்த சொந்த உபயோக வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால், மோட்டார் வாகன ஆய்வாளர் முன்பு அதைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய 'டூ-ஸ்ட்ரோக்' மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போருக்கு அன்றைய தினம் பெரும் கவலை தருவது சத்தம்தான். புகையை அளக்கக் கருவி உண்டு. மாசுச் சான்றும் உண்டு. அந்தச் சான்றில் சத்தத்துக்கு இடமில்லை. பெரும்பாலும் ஆய்வாளரின் காதே நீதிபதி.

மைசூரில் 1961-ல் தயாரிக்கத் தொடங்கப்பட்ட ஜாவா, எழுபதுகளில் அதே ஆலையிலிருந்து வந்த எஸ்டி, பரீதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் 1983-ல் அறிமுகம் செய்த ராஜ்தூத் 350, 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100 ஆகியவை இந்த ரகத்தில் நாடறிந்தவை. மைசூர் ஆலை 1996-ல் மூடப்பட்டது. மாசு விதிகள் இறுக இறுக மற்றவையும் சந்தையிலிருந்து மறைந்தன. எஞ்சியவை ஆர்வலர்களின் கொட்டகைகளிலும், புது வண்டி வாங்க வசதியில்லாத சிறு வியாபாரிகளிடமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆய்வின்போது இந்த இரு தரப்பாருக்கும் சட்டம் ஒன்றே.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி, எல்லா வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும், அது சத்தத்தை இயன்றவரை குறைக்க வேண்டும் என்கிறது. டெசிபல் வரம்புகள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ளன. 2003 முதல் நடைமுறைக்கு வந்த வரம்புப்படி 80 சிசி வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 75, அதற்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கும் மேற்பட்டதற்கு 80 டெசிபல். ஆனால் இவை ஆலையில் தயாராகும் புதிய வண்டிக்கானவை. திறந்த வெளியில், வேகமெடுத்துச் செல்லும் வண்டியிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி ஒலிவாங்கியை வைத்து அளக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் இதற்கு இடமேது? 1965-ல் தயாரான ஜாவாவுக்கோ அந்நாளில் டெசிபல் வரம்பே கிடையாது. ஆக, 'இயன்றவரை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

தண்டனையில் மட்டும் இந்தத் தெளிவின்மை இல்லை. 2019-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்கு முன் ஆயிரம் ரூபாயாக இருந்த முதல் அபராதம், அதன் பிறகு ரூ.10 ஆயிரம் வரை உயர்ந்தது. மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

'டூ-ஸ்ட்ரோக்' வண்டி ஏன் இப்படி அலறுகிறது என்பதற்கு அதன் பிறவிக் குணமே காரணம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெளியேறும் எரிவாயு, இதில் ஒவ்வொரு சுழற்சியிலும் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் ஒற்றை சிலிண்டரிலிருந்து நொடிக்கு 100 வெடிப்புகள். அதன் சைலன்சரோ சத்தத்தை அடக்க மட்டும் வைக்கப்பட்டதன்று. விரிந்து பின் குறுகும் அந்தக் குழாயில் மோதித் திரும்பும் அழுத்த அலை, எரியாமல் தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதாவது, சைலன்சரும் எஞ்சினின் ஓர் உறுப்பு. அதில் கை வைத்தால் இழுவையும் மாறும்.

ஊரறிந்த அலறல் பெரும்பாலும் ஆலை தந்ததல்ல. குழாயின் பின்முனையில் ஒரு திருகைக் கழற்றினால், துளையிட்ட உள்குழாய் கையோடு வந்துவிடும். 'பிக்-அப்' கூடும் என்ற நம்பிக்கையில் அதைக் கழற்றி எறிந்த தலைமுறை ஒன்று உண்டு. சிக்கனத்துக்காகத் திறன் குறைத்து விற்கப்பட்ட ராஜ்தூத் 350-ல் இந்த விளையாட்டு இன்னும் அதிகம்.

எனவே, ஆய்வுக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த உள்குழாயைத் திரும்பப் பொருத்துவது. எண்ணெய்க் கரி படிந்து துளைகள் அடைபட்டிருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். சிலிண்டரோடு குழாய் சேரும் இடத்தில் வாஷர் தேய்ந்து வாயு கசிந்தால், அந்தப் படபடப்பே பாதிச் சத்தம். காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவோர், எஞ்சின் மூச்சிழுக்கும் ஓசையும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சிலிண்டரின் குளிர்த்தகடுகளுக்கு இடையே ஆலையிலேயே ரப்பர் துண்டுகள் வைக்கப்பட்ட வண்டிகள் உண்டு. அவை உதிர்ந்தால் தகடுகள் மணிபோல் ஒலிக்கும்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. ஆய்வு நாளுக்காகக் குழாயின் வாயில் இரும்பு நாரைத் திணிப்பது. சத்தம் குறையும், வாயு வெளியேற வழியின்றி வெப்பம் ஏறி, வீடு திரும்பும் வழியிலேயே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

சரியான குழாய் கிடைப்பதுதான் பெரும்பாடு. தில்லி கரோல் பாக் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும் போலிகளின் உட்புறம் காலியாக இருந்தால் கேட்பாரில்லை. சட்டவிரோத சைலன்சர்களைப் பல நகரங்களில் போலீஸார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். படம் எடுக்க உகந்த காட்சி அது. அவற்றை விற்ற கடைக்காரர் அந்தப் படத்தில் இருப்பதில்லை. நின்ற நிலையில், குழாய் முனையிலிருந்து அரை மீட்டரில் அளந்து, பழைய வண்டிக்குத் தனி வரம்பு வைக்கும் முறை ஜப்பானில் உண்டு. ராஜ்தூத் 350-ன் மூல வடிவம் பிறந்த நாடு அது. இங்கே அதற்குத் தேவை ஒரு கையடக்கக் கருவி, ஓர் அறிவிக்கை.

தலைநகரில் இந்தக் கேள்விக்கே இடம் குறைவு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிற பகுதிகளில், 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட தொன்மை வாகன விதிகள் சற்று ஆறுதல். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வாகனத்துக்கு ரூ.20 ஆயிரம் கட்டணத்தில் 'விஏ' எழுத்துடன் தனிப் பதிவெண், பத்தாண்டுக்கு. ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆகாது. காய்கறி மூட்டை ஏற்றும் எஸ்டிக்கு அதனால் பயனில்லை. 1983-ல் பதிவான ராஜ்தூத் 350 அதற்குத் தகுதி பெற 2033 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளரின் காதுதான்.