கதவுக்கு முட்டுக்கொடுத்த கோப்பை

1935 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப், சிக்காகோ பல்கலைக்கழக மாணவர் ஜே பெர்வாங்கருக்கு ஒரு வெண்கலச் சிலையைப் பரிசளித்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கல்லூரிக் கால்பந்து ஆடுவோரில் சிறந்தவருக்கான முதல் விருது அது. (அமெரிக்கர்களின் கால்பந்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.) மறு ஆண்டே அதன் பெயர் ஹைஸ்மன் கோப்பை ஆயிற்று. பெர்வாங்கருக்கோ கோப்பையைவிட அதை வாங்கப் போன பயணம்தான் பெரிதாக இருந்தது. விமானத்தில் ஏறியது அதுவே முதல்முறை. வீட்டு அலமாரித் தட்டில் அடங்காத அந்தச் சிலை, உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

அன்று ஒரே ஆள் பந்தோடு ஓடினார், எறிந்தார், உதைத்தார், எதிரணி ஓடி வந்தால் மடக்கியும் பிடித்தார். உடைந்த மூக்கைக் காக்க பெர்வாங்கர் முகத்தில் கம்பிக் கவசம் மாட்டியிருந்தார். 1934இல் அவரை மடக்கப் பாய்ந்த மிச்சிகன் வீரரின் கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு விழுந்தது. அந்த வீரர் ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர். ஆட்டம் இல்லாத நேரத்தில் பெர்வாங்கர் உணவு பரிமாறியும் உடற்பயிற்சிக் கூடத்தைப் பெருக்கியும் செலவைச் சமாளித்தார். இன்று தாக்க ஒரு பதினொருவர், தடுக்க வேறொரு பதினொருவர், உதைப்பதற்கென்றே ஒருவர். 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். பெருக்குமாறு பிடிக்க வேண்டியதில்லை, நல்லதுதான்.

1936 பிப்ரவரியில் பிலடெல்பியா ஹோட்டல் அறை ஒன்றில் ஒன்பது தொழில்முறை அணிகள் கூடி, கரும்பலகையில் எழுதிய சுமார் 90 பெயர்களிலிருந்து ஆள் பொறுக்கின. முதலில் எடுக்கப்பட்ட பெயர் பெர்வாங்கர். அவரை எடுத்த ஈகிள்ஸ் அணி அந்த உரிமையை சிக்காகோ பேர்ஸுக்கு மாற்றிக் கொடுத்தது. பெர்வாங்கர் இரண்டு ஆண்டுக்கு 25,000 டாலர் கேட்டார். பேர்ஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போனார், பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை.

2024இல் அதே பேர்ஸ் அணி, அதே ஹைஸ்மன் கோப்பையை வென்ற கேலப் வில்லியம்ஸை முதல் ஆளாக எடுத்தது. டெட்ராய்ட்டில் மூன்று நாள் நடந்த தேர்வைப் பார்க்க வந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஏறக்குறைய 3.9 கோடி டாலர். இவ்வளவு பணத்தைப் பார்த்தபின் ரப்பர் கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பெர்வாங்கர் ஓடிய ஸ்டாக் மைதானமும் இன்றில்லை. 1939இல் பல்கலைக்கழகம் கால்பந்தையே நிறுத்தியது. 1942இல் அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் மனிதர் நடத்திய முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நடந்தது. இப்போது அந்த இடத்தில் நூலகம் இருக்கிறது. 1969இல் திரும்பி வந்த கல்லூரி அணி, உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவில் வேறு மைதானத்தில் ஆடுகிறது. பெர்வாங்கர் 2002இல் காலமானார். கதவுக்கு முட்டுக்கொடுத்த சிலை பல்கலைக்கழகத்தின் ராட்னர் விளையாட்டு மையத்தில் காட்சிக்கு இருக்கிறது.