சேர்க்கை குறைந்தால் பள்ளியை மூடலாமா?

விளார், நாஞ்சிக்கோட்டை, வல்லம் எனத் தஞ்சைப் புறநகர் விரிகிறது. வயல்கள் மனைகளாகின்றன, தனியார் பள்ளி வேன்கள் சேரித் தெருமுனைவரை வந்து நிற்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் சேர்க்கை குறைவதைப் பெற்றோரின் 'ஆங்கில மோகம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கூலி வாங்கிக் கட்டணம் கட்டும் தாய்க்கு மோகம் என்ற சொல் பொருந்துமா? அவர் வகுப்பறையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற உறுதி ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தெருவை நம்பியிருக்கும் பள்ளி 60-ஐத் தாண்டுவது அரிது. ஆகவே ஐந்து வகுப்புகளை இருவர் நடத்துகிறார்கள்; ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் மற்றவர் தனியாக நடத்துகிறார். கற்றல் தளர்கிறது, பிள்ளைகள் விலகுகிறார்கள், விலகியதையே காட்டி இணைப்புப் பேச்சு எழுகிறது.

இதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அது. ஈராசிரியர் பள்ளியில் ஓரிடம் காலியானாலே 50 விழுக்காடு! அதாவது அங்கே ஒரு காலியிடம்கூடச் சட்டமீறலே. பத்துப் பிள்ளைகள் படித்தாலும் இரண்டு ஆசிரியர்கள் கட்டாயம்.

ஊர்ப் பள்ளிகள் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்காக மதராஸ் மாகாணத் தொழிலாளர் துறை 1920-களில் நடத்திய பள்ளிகளே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள். இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவருவதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் அதைப் பரிந்துரைத்தது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றது. மாற்றுச் சான்றிதழைப் பார்த்தவுடனே சாதி தெரிகிற நிலை ஒழியத்தான் வேண்டும். ஆனால் துறை மாறுவது வேறு, பள்ளி இடம் மாறுவது வேறு. முதலாவதன் பெயரால் இரண்டாவது நடந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டு விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவை அளவாக வைத்துள்ளன. வரைபடத்தில் அது சிறு தொலைவே. எந்தத் தெரு வழியாக ஆறு வயதுப் பிள்ளை அதைக் கடக்க வேண்டும் என்பதை விதி கேட்பதில்லை. டெல்டா கிராமங்களில் அந்தக் கேள்விதான் முதன்மையானது. நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் படிப்பை முடிக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது 8-ஆம் பிரிவு. இணைப்பு ஆணையை எதிர்க்க இதுவே வலுவான பிடி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரம்பியவை, காலியான நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்; நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது அதுவே.