சிறு விமானமும் அதை ஓட்டிய மனிதரும்

கோலார் தங்கவயலில் வாழ்கிற தமிழ் மக்களுக்கு யந்திரம் அந்நியமான வஸ்து அன்று. நூறாண்டுகளுக்கு மேலாகச் சுரங்கங்களிலும், 1964இல் தோற்றுவிக்கப்பெற்ற பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் ஆதலால், யந்திரத்தின் பெருமை அதை இயக்கும் மனிதனிடத்திலேயே இருக்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அவற்றின் வாயிலில் இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கீழே இறங்கி உழைத்தவர்களின் பெயர்கள்தாம் ஞாபகத்திலிருந்து நழுவிக்கொண்டிருக்கின்றன. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு நோக்கினால், போர் விமானங்களின் சிறு மாதிரிகளைச் சேகரிப்பதில் ஓர் உயர்ந்த கடமை அடங்கியிருப்பது புலப்படும்.

இத்துறையில் ஈடுபட்டோர் பெரிதும் கைக்கொள்வது 72இல் ஒரு பங்கு என்னும் அளவு. அசலில் ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம் என்பது அதன் கணக்கு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, நேச விமானம் எது, பகை விமானம் எது என்று பார்த்த மாத்திரத்தில் அறியும் பயிற்சிக்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டு இவ்வளவிலேயே ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்விக்க முற்பட்டது. 35 அடிக்கு அப்பால் நின்று இம்மாதிரியைப் பார்ப்பவன் கண்ணுக்கு, அது 2,520 அடிக்கு அப்பால் பறக்கும் மெய்யான விமானத்தின் பரிமாணத்திலேயே தோன்றும்.

மாதிரிகள் முக்கியமாக இருவகைப்படும். பிளாஸ்டிக் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, ஒட்டி, வர்ணம் பூசி, நீரில் ஊறவைத்த சின்னங்களைப் பதிப்பது ஒருவகை. துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்து, வர்ணம் தீட்டி, முழுமையாகவே விற்பது மற்றொரு வகை. ஒரே அச்சிலிருந்து எத்தனையோ மாதிரிகள் பிறந்தாலும், வாலில் எழுதப்படும் எண்ணும் படைப்பிரிவின் முத்திரையும் ஒவ்வொன்றையும் தனித்த சரித்திரமுடையதாக ஆக்குகின்றன. சிரத்தையுள்ள சேகரிப்பாளர் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு, அவ்விமானத்தில் அமர்ந்து பறந்தவர் யார் என்று தேடத் தொடங்குகிறார்.

நம் தேசத்தில் அத்தகைய தேடலுக்கு உகந்தது, பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலை உரிமம் பெற்று உற்பத்தி செய்த நாட் என்னும் சிறு போர் விமானம். மெய்யான நாட் விமானத்தின் நீளம் ஒன்பது மீட்டருக்கும் குறைவு. ஆகையால் மாதிரி சுமார் 12 சென்டிமீட்டர்தான். அதன் பக்கத்தில் பாகிஸ்தான் விமானப்படை ஓட்டிய சேபர் என்னும் போர் விமானத்தின் மாதிரியை வைத்தால், நாட் மாதிரியின் இறக்கை வீச்சு 9 சென்டிமீட்டரைச் சற்றே கடந்திருக்க, சேபருடையதோ 15 சென்டிமீட்டருக்கும் மேலாக விரிகிறது. அதிவேகத்தில் விரையும் இச்சிறு வடிவத்தைப் பரந்த ஆகாயத்தில் எதிரி கண்டுபிடிப்பது எத்துணை அரிது என்பதைப் புகைப்படங்கள் பலவற்றைப் பார்த்தும் உணராதவர், மேஜைமேல் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த கணத்தில் உணர்ந்துவிடுவர்.

1971 நவம்பர் 22ஆம் தேதி, வங்காள எல்லையிலுள்ள போய்ராவுக்கு மேலே, இந்திய விமானப்படையின் 22ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நான்கு நாட் விமானங்கள் சேபர்களை எதிர்கொண்டன. தரையிலிருந்து ராடார் வழியே பாக்சி என்னும் அதிகாரி வழிகாட்ட, மாஸி, கணபதி, லாசரஸ் ஆகிய விமானிகள் சில நிமிஷங்களில் மூன்று சேபர்களைச் சுட்டதாக இந்தியத் தரப்பு அறிவித்தது. அவற்றுள் ஒன்று சேதத்துடன் தளம் திரும்பியது என்பது பாகிஸ்தானியர் கூற்று. இந்திய விமானிகள் மூவருக்கும் வீர் சக்ரா வழங்கப்பட்டது. பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்ட இரு பாகிஸ்தானிய விமானிகளுள் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997இல் தம் நாட்டு விமானப்படையின் தளபதியாக உயர்ந்தார். அப்போது லாசரஸ் வாழ்த்துக் கடிதம் எழுத, குரேஷியும் அன்று இந்திய விமானிகள் காட்டிய போர்த்திறமையைப் புகழ்ந்து பதில் எழுதினார். யுத்தத்தில் எதிரெதிரே நின்ற இருவர் ஒருவரையொருவர் மதித்த இந்தச் செய்தியை எந்த அச்சும் வார்த்துத் தராது.

அதே 1971 டிசம்பர் 14ஆம் தேதி, ஸ்ரீநகர் தளம் தாக்கப்பட்ட வேளையில் நாட் விமானத்தில் கிளம்பி, பல சேபர்களோடு தனியே பொருது உயிர் துறந்த நிர்மல் ஜித் சிங் செகோன், இந்திய விமானப்படையில் பரம வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் ஆவார்.

ஆதலால் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் வாங்கித் தரும் பெற்றோர் ஒன்றைச் செய்ய வேண்டும்: அதை நிறுத்தும் பீடத்தில் விமானத்தின் பெயரோடு விமானியின் பெயரையும், அவர் பறந்த தேதியையும் இடத்தையும் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்ய வேண்டும். ஆயுதத்தின் அழகில் மயங்கிவிடாமல், அதற்குள் இருந்த மனிதனின் துணிவையும் அவன் அடைந்த துன்பத்தையும் சேர்த்து அறிந்துகொள்ளும் பிள்ளையே யுத்தத்தின் விலையை அறிந்த பிரஜையாக வளரும்.