புழுங்கலரிசியின் குணம்

நெல்மணியில் வைட்டமின் பி1 என்னும் ஜீவசத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே அடங்கியுள்ளது. பச்சரிசியை மில்லில் வெண்மையாகத் தீட்டுங்கால் இவ்விரண்டும் நீங்கிவிடும். அவ்வரிசியையே பிரதான உணவாகக் கொள்வோர்க்குக் கால்கள் மரத்து, நடை தளர்ந்து, இருதயமும் நலிவுறும் பெரிபெரி நோய் நேரலாம். தீட்டிய அரிசியைத் தின்று கால் விளங்காமற்போன கோழிகள் தவிட்டினால் தேறியதை ஜாவாவில் டாக்டர் எய்க்மன் 1890-களில் கண்டார்.

சென்னை மாகாணத்தில் இந்நோய் வடகோடித் தெலுங்கு ஜில்லாக்களில் மிகுந்தும், அரிசியையே உண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாயும் இருந்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் டாக்டர் அய்க்ராய்டும் அவர்தம் சகாக்களும் 1940-இல் இதன் காரணத்தை விளக்கினர். அங்கே மில் பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டின் சத்து நீரிற் கரைந்து மணியின் உட்புறம் சென்று படிகிறது. பின்னர்த் தீட்டினும், கழுவினும், அது முற்றும் போவதில்லை.

விருந்துக்குப் பச்சரிசியே கௌரவம் என்பாருடன் நமக்கு வழக்கில்லை. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலே ஏற்றது. அதிலும், கழுநீரும் வடித்த கஞ்சியும் தொட்டிக்குப் போகும் வீடுகளில் சத்தில் ஒரு பங்கு மாட்டுக்கே சேருகிறது. அரிசியை ஒருமுறை கழுவி, வற்றும் அளவே உலைநீர் வைத்தல் நலம்.

பச்சரிசியே வேண்டுவோர் குறைவாகத் தீட்டச் சொல்லுக. தவிட்டின் எண்ணெயால் அவ்வரிசி விரைவிற் சிக்கடிக்கும், புழுவும் பற்றும். ஆகையால் நெல்லாகவே சேமித்து, அவ்வப்போது வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்க.